கல் எறியாத கூட்டம்

1/
இது நீளமான இழை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. ஒரு தொழிற்சங்கத் தலைவரோட வாழ்க்கையைப் பத்தி எழுதப் போறேன். அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு தொழிற்சங்கத்தைப் பத்தி என்ன பேச்சுன்னு நினைக்கலாம். காரணம் இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

2/
சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு நைட் டியூட்டி. ராத்திரி ரெண்டு மணி வாக்குல ஒரு பொண்ணைக் கொண்டு வந்தாங்க. வேற இடத்துல பிரசவம் ஆகி, ரத்தப்போக்கு நிக்காம அனுப்பி வெச்ச கேஸ். வரும்போதே பி.பி. ரெக்கார்டு ஆகலை. ரெண்டு கையிலும் லைன் போட்டோம், ரத்தம் ஏத்தினோம், தெரிஞ்சதெல்லாம் செஞ்சோம். விடியறதுக்குள்ள போயிட்டாங்க. வயசு 23.

3/
வெளியே நாப்பது பேர் நின்னாங்க. விஷயம் தெரிஞ்ச அஞ்சாவது நிமிஷம் கேஷுவாலிட்டி கண்ணாடி நொறுங்கிச்சு. ஒரு சிஸ்டருக்கு கையில வெட்டு. நானும் ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பியும் டிரெஸ்ஸிங் ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு போலீஸ் வர்ற வரைக்கும் நின்னோம். அந்தத் தம்பி கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. எனக்கும் நடுங்கிச்சு. அவன் கவனிக்கலை, அவ்வளவுதான்.

4/
அன்னிக்கு எனக்கு கோபம் மட்டும்தான் இருந்தது. ஆனா அப்புறம் மரணத் தணிக்கைக்காக அந்த கேஸ் ஷீட்டை வரிவரியா எழுதும்போது வேற ஒண்ணு தெரிஞ்சது. கர்ப்ப காலத்துலயே ஹீமோகுளோபின் 7. வலி வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்காங்க. வழியில ரெண்டு இடம் மாறியிருக்காங்க. ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் நேரம் போயிருக்கு. அந்தப் பொண்ணோட சாவு எங்க வாசலுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு.

5/
அந்த நாப்பது பேருக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனா அது கண்ணாடி மேலயும் ஒரு சிஸ்டர் கை மேலயும் விழுந்து, மறுநாள் எஃப்.ஐ.ஆரோட முடிஞ்சு போச்சு. எதுவும் மாறலை. அவங்க வேற என்னதான் செஞ்சிருக்க முடியும்? இந்தக் கேள்வி எனக்குள்ள ரொம்ப நாள் கிடந்தது. பதில் மாதிரி ஒண்ணு கிடைச்சது, சத்தீஸ்கர்ல ஒரு சுரங்க ஊர்ல. அந்த ஊர் பேரு தல்லி ராஜ்ஹரா. அந்த மனுஷர் பேரு சங்கர் குஹா நியோகி.

6/
நியோகி பிறந்தது 1943 பிப்ரவரி 14. வங்காளி. வீட்டுல வெச்ச பேரு தீரேஷ். 1960-களோட ஆரம்பத்துல வேலைக்காக பிலாய் வந்தார். பிலாய் உருக்காலை அப்போ புதுசு. சோவியத் உதவியோட கட்டினது, 1959-ல உற்பத்தி ஆரம்பிச்சது. நேரு கால இந்தியாவோட பெருமை. அங்கே கோக் அடுப்புப் பிரிவுல இந்த இளைஞருக்கு வேலை கிடைச்சது.

7/
வேலைக்குச் சேர்ந்த இடத்துல சும்மா இருக்கலை. தொழிலாளிகளைத் திரட்ட ஆரம்பிச்சார். 1960-களோட கடைசியில வேலை போச்சு. அந்தக் காலத்து இளைஞர்கள் பலரை மாதிரி அவரும் நக்சல்பாரி அலையில இழுக்கப்பட்டார். ஆனா ரொம்ப நாள் நீடிக்கலை. மக்களைப் பெரிய அளவுல திரட்டாம எதுவும் நடக்காதுன்னு அவர் நினைச்சார். அந்த இயக்கத்தை விட்டு வெளியே வந்தாச்சு. கையில வேலையும் இல்லை, கட்சியும் இல்லை.

8/
அடுத்த சில வருஷம் அவர் வாழ்ந்த விதம்தான் அவரை உருவாக்கிச்சுன்னு நான் நினைக்கிறேன். கிராமம் கிராமமா அலைஞ்சார். ஆடு வித்தார், வயல்ல கூலி வேலை செஞ்சார். கடைசியில தானிடோலாங்கிற இடத்துல குவார்ட்சைட் சுரங்கத்துல கல் உடைக்கிற தொழிலாளியா சேர்ந்தார், சங்கர்ங்கிற பேர்ல. சத்தீஸ்கடி மொழியை அங்கத்து ஜனங்களை மாதிரியே பேசக் கத்துக்கிட்டார். அங்கேயே சுரங்கத்துல வேலை செஞ்ச ஆஷாங்கிற பழங்குடிப் பெண்ணைக் கல்யாணம் செஞ்சுக்கிட்டார்.

9/
1975-ல நெருக்கடி நிலை வந்தது. மிசா சட்டத்துல உள்ளே போனார். 1977-ல வெளியே வந்தார். அவர் வெளியே வந்த நேரத்துல, தல்லி ராஜ்ஹராவுல ஒரு பெரிய கூட்டம் தலைவர் இல்லாம மைதானத்துல உட்கார்ந்திருந்தது.

10/
தல்லி ராஜ்ஹரா எதுக்கு முக்கியம்? பிலாய் ஆலைக்கு அப்போ இரும்புத் தாது இங்கேருந்துதான் போச்சு. ஆலைக்கே சொந்தமான சுரங்கம். ஆனா தாதுவை வெட்டி, உடைச்சு, லாரியில ஏத்தின ஆட்கள் ஆலையோட ஆட்கள் இல்லை. ஒப்பந்தக்காரர் கிட்ட வேலை பார்த்த கூலிகள். பெரும்பாலும் பழங்குடிகள், சத்தீஸ்கரோட ஏழை விவசாயக் குடும்பங்கள். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமா சேர்ந்து வேலை செய்வாங்க. உடைச்ச அளவுக்கு, ஏத்தின அளவுக்குத்தான் கூலி.

11/
அதே சுரங்கத்துல நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு போனஸ், ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதுல ஒரு துண்டு. 1977-ல ஏற்கெனவே இருந்த சங்கங்கள் அப்படித்தான் கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தாங்க. கோபத்துல ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளிகள் அந்தச் சங்கங்களை விட்டு வெளியேறினாங்க. மைதானத்துல உட்கார்ந்துட்டாங்க. நம்மள மாதிரியே கல் உடைச்ச ஒருத்தர் தானிடோலாவுல இருக்கார்னு கேள்விப்பட்டுப் போய் நியோகியைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அப்படிப் பிறந்ததுதான் சத்தீஸ்கர் மைன்ஸ் ஷ்ரமிக் சங்கம்.

12/
அவங்க முதல் கோரிக்கைகளைக் கவனிங்க. ஒண்ணு, வேலைக்கு வந்து நின்னும் லாரி வரலை, மெஷின் ஓடலைன்னா அந்த நாளுக்கும் ஒரு கூலி வேணும். ரெண்டு, மழை வர்றதுக்கு முன்னாடி குடிசை வேய மூங்கிலுக்குப் பணம் வேணும். அவ்வளவுதான். ஆனா ஒரு டாக்டரா இதைப் படிக்கும்போது எனக்கு இது மருந்துச் சீட்டு மாதிரி தெரியுது. சாப்பாடு ஒரு நாளும் தவறக் கூடாது. மழையில ஒழுகாத கூரை வேணும். இந்த ரெண்டும் இருந்தா எங்க குழந்தைகள் வார்டுல பாதி கட்டில் காலியாயிடும்.

13/
1977 ஜூன் 2 ராத்திரி. போலீஸ் சங்க அலுவலகத்துக்குள்ள வந்து நியோகியைக் கைது செஞ்சது. தொழிலாளிகள் விடலை. ஒரு போலீஸ் கோஷ்டியைச் சுத்தி நின்னுக்கிட்டு, எங்க ஆளை விடுங்க, உங்க ஆளை விடறோம்னாங்க. துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்னிக்கு ராத்திரியும் மறுநாளும் சேர்த்து 11 பேர் செத்தாங்க. அதுல அனுசூயா பாய்ங்கிற பெண் தொழிலாளி ஒருத்தர். ஒரு சின்னப் பையனும் உண்டு.

14/
சங்கம் உடையலை. கோரிக்கைகள் கிடைச்சது. அடுத்தடுத்த போராட்டங்கள்ல கூலி பல மடங்கு ஏறிச்சு. சாதாரணமா ஒரு தொழிற்சங்கத்தோட வேலை இங்கே முடிஞ்சிரும். கூலி ஏறினா வெற்றி, அடுத்த ஒப்பந்தம் வரைக்கும் ஓய்வு. நியோகிக்கு இங்கேதான் ஆரம்பம்.

15/
ஏன்னா கூலி ஏறினதும் சாராயக் கடை வியாபாரமும் ஏறிச்சு. போராடி வாங்கின காசு கடைக்குப் போகுது, வீட்டுல அடி விழுது. சங்கம் இதைக் கையில எடுத்தது. முன்னாடி நின்னவங்க பெண்கள். மொகல்லா மொகல்லாவா கூட்டம் போட்டு, குடிக்க மாட்டேன்னு சங்கத்து ஆட்களைச் சபதம் எடுக்க வெச்சாங்க. இந்தப் பிரசாரம் சூடு பிடிச்ச அந்தக் காலத்துலதான், 1981-ல, நியோகி தேசியப் பாதுகாப்புச் சட்டத்துல கைதானார். தொழிலாளிகளைக் குடிக்க வேண்டாம்னு சொன்ன ஒருத்தர் தேசத்துக்கு ஆபத்தான ஆளாயிட்டார்.

16/
அவர் அடிக்கடி சொன்ன ரெண்டு சொல், சங்கர்ஷ், நிர்மாண். போராட்டம், கட்டுமானம். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு நிக்காதுங்கிறது அவர் கணக்கு. ஒரு மனுஷன் சுரங்கத்துல எட்டு மணி நேரம்தான் தொழிலாளி. மீதி பதினாறு மணி நேரம் அவன் புருஷன், அப்பா, நோயாளி, குடிகாரன், மழையில நனையறவன். சங்கம் இருபத்து நாலு மணி நேரத்துக்கும் இருக்கணும். அதனால சங்கத்துக்குள்ளயே படிப்பு, விளையாட்டு, பண்பாடு, ஆரோக்கியம்னு தனித்தனித் துறைகள் வந்தது.

17/
மறந்து போன ஒரு ஆளையும் அவர் திரும்பக் கொண்டு வந்தார். சோனாகான் பகுதியோட வீர் நாராயண் சிங். பஞ்ச காலத்துல வியாபாரியோட கிடங்கைத் திறந்து பசிச்ச ஜனங்களுக்குத் தானியம் கொடுத்தவர். 1857 டிசம்பர்ல பிரிட்டிஷ்காரங்க ராய்ப்பூர்ல அவரைக் கொன்னாங்க. பாடப் புத்தகத்துல இல்லாத அந்தப் பேரை சங்கத்து மேடையில ஏத்தினார். பிறகு சத்தீஸ்கர் முக்தி மோர்ச்சாங்கிற அமைப்பு வந்தது, கொடி சிவப்பும் பச்சையும். சிவப்பு தொழிலாளி, பச்சை விவசாயி.

18/
இப்போ நான் முதல்ல சொன்ன கேள்விக்கு வர்றேன். சங்கத்தோட துணைத் தலைவரா இருந்தவர் குசும் பாய். சுரங்கத் தொழிலாளி. 1970-களோட முடிவுல அவங்களுக்குப் பிரசவ வலி வந்தது. ஊர்ல ஆலையோட ஆஸ்பத்திரி இருந்தது. ஆனா அது முதன்மையா நிரந்தர ஊழியர்களுக்கானது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அங்கே கிடைச்ச மரியாதை வேற. உரிய சிகிச்சை கிடைக்காமலேயே குசும் பாய் செத்துட்டாங்கன்னு தொழிலாளிகள் சொன்னாங்க.

19/
செய்தி சுரங்கத்துக்குப் போச்சு. வேலையை அப்படியே போட்டுட்டு ஆயிரக்கணக்கான பேர் ஆஸ்பத்திரி முன்னாடி வந்து நின்னாங்க. கையில கடப்பாரை, சம்மட்டி பிடிச்சுப் பழகினவங்க. ரெண்டே வருஷம் முன்னாடி துப்பாக்கிச் சூட்டைப் பார்த்தவங்க. செத்தது அவங்களோட தலைவர்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. எனக்கு நாப்பது பேர். அங்கே ஆயிரக்கணக்கு.

20/
ஒரு கல் கூட விழலை. ஒரு டாக்டர் மேலயோ நர்ஸ் மேலயோ யாரும் கை வைக்கலை. ஒரு கண்ணாடி உடையலை. அந்த வாசல்ல நின்னு அவங்க ஒரு முடிவு எடுத்தாங்க. நம்ம பொண்ணுங்க இப்படிச் சாகக் கூடாது, நமக்குன்னு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நாமளே கட்டுவோம்.

இதை முதல் தடவை படிச்சப்போ ராத்திரி பன்னண்டு மணி, டியூட்டி ரூம்ல இருந்தேன். திரும்பத் திரும்ப அதே பத்தியைப் படிச்சேன்.

21/
கோபத்துல எடுத்த முடிவு மறுநாள் ஆறிப் போகும், நமக்குத் தெரியும். இது ஆறலை. 1982-ல சங்கத்து இடத்துல ஒரு சின்ன டிஸ்பென்சரி ஆரம்பிச்சது. இன்னொரு பக்கம் கட்டடம் எழும்பிச்சு. காசு தொழிலாளிகள் கொடுத்தது. உழைப்பும் அவங்களோடது. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து செங்கல் சுமந்தாங்க. வெளியே இருந்து உதவி தர்றோம்னு வந்தவங்களுக்கு நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினாங்க. நம்ம பலம் என்னன்னு நமக்குத் தெரியணும்னு காரணம் சொன்னாங்க.

22/
1983 ஜூன் 3. துப்பாக்கிச் சூட்டோட ஆறாம் ஆண்டு நினைவு நாள். 15 படுக்கையோட ஷஹீத் ஆஸ்பத்திரி திறந்தது. ஷஹீத்னா தியாகி, அந்த 11 பேரோட நினைவா. திறந்து வெச்சது மந்திரி இல்லை, கலெக்டர் இல்லை. ஒரு மூத்த சுரங்கத் தொழிலாளியும் ஒரு மூத்த விவசாயியும். நம்ம ஊர்ல ஒரு ஸ்கேன் மெஷினுக்கே எத்தனை பேர் கல்வெட்டுல பேர் கேக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

23/
டாக்டருக்கு எங்கே போனாங்க? தேடி வந்தாங்க. ஆஷிஷ் குண்டு, பவித்ர குஹா, சைபால் ஜானா, பிறகு புண்யவ்ரத குண். வங்காளத்துலேருந்து வந்த இளைஞர்கள். இன்னொருத்தர் பினாயக் சென், குழந்தைகள் மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ்.ஸும் எம்.டி.யும் படிச்சது நம்ம வேலூர் சி.எம்.சி.யில. பெரிய ஊர்ல கிளினிக் போட்டு உட்கார்ந்திருக்கலாம். இங்கே வந்து சங்கம் கொடுத்த சம்பளத்துல வேலை பார்த்தாங்க.

24/
வேலை செஞ்ச விதம்தான் எனக்குப் பாடம். சுரங்கத் தொழிலாளிகளும் அவங்க வீட்டுப் பிள்ளைகளும் சுகாதார ஊழியர்களாப் பயிற்சி எடுத்துக்கிட்டாங்க. பகல்ல தாது உடைக்கிறவர் சாயங்காலம் வந்து கட்டு மாத்துவார். தேவையில்லாத ஊசி கிடையாது, டானிக் கிடையாது. வயித்துப்போக்குன்னு வர்ற குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலக்கறதுன்னு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ஊசி போடலைன்னா டாக்டரே இல்லைன்னு நினைக்கிற ஜனங்க கிட்ட இதைச் செய்யறது எவ்வளவு கஷ்டம்னு ஓ.பி. பார்க்கற எங்க எல்லாருக்கும் தெரியும்.

25/
ஒரு சின்ன மருத்துவப் பாடம். தாய் சாவுக்கு மூணு தாமதம் காரணம்னு எங்களுக்கு சமூக மருத்துவத்துல சொல்லித் தருவாங்க. வீட்டுல முடிவெடுக்கறதுல தாமதம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுல தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்கிறதுல தாமதம். நான் தேர்வுக்கு மனப்பாடம் செஞ்சு எழுதினேன். தல்லி ராஜ்ஹரா ஜனங்க அந்தப் பாடத்தைப் படிக்கலை. ஆனா மூணுக்கும் வழி செஞ்சாங்க. தெருவுலயே விஷயம் தெரிஞ்ச ஆள், ஊருக்குள்ளயே ஆஸ்பத்திரி, உள்ளே போனா நீ யாருன்னு கேக்காத டாக்டர்.

26/
இன்னொண்ணு. இந்தியாவுல கர்ப்பிணிகள்ல பாதிக்கும் மேல ரத்தசோகை. இது இன்னிக்கு நிலைமை, அன்னிக்குச் சொல்லவே வேண்டாம். நாள் பூரா இரும்புத் தாது சுமக்கிற பொண்ணு ரத்தத்துல இரும்பு இல்லாம பிரசவத்துக்கு வர்றா. இதுக்கு மாத்திரை கொடுக்கறது என் வேலை. அவ வீட்டுல மூணு வேளை சாப்பாடு இருக்கணும்னா கூலி ஏறணும். அது நியோகியோட வேலை. ரெண்டும் ஒரே வேலைதான்னு எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆச்சு.

27/
அவரை மகானாக்க விரும்பலை. சுரங்கத்துல முழுசா மெஷின் கொண்டு வர ஆலை நிர்வாகம் நினைச்சப்போ, பாதி மெஷின் பாதி கைன்னு ஒரு மாற்றுத் திட்டத்தை சங்கம் கொடுத்தது. அதனால வேலை பல வருஷம் தப்பிச்சது, என்னைக்கும் தப்பிக்கலை. தேர்தல்லயும் இறங்கினாங்க. 1985-ல அவங்க அமைப்போட ஜனக் லால் தாக்கூர் எம்.எல்.ஏ. ஆனார். ஆனா நியோகி போன பிறகு அமைப்பு ஒண்ணா நிக்கலை, பிளவுபட்டது. ஒரு ஆளோட தோள்ல இவ்வளவு பாரம் ஏறினா அவருக்குப் பின்னாடி கஷ்டம்தான்.

28/
1990-ல அவர் பிலாய்க்கே திரும்பினார். 20 வருஷத்துக்கு முன்னாடி வேலை போன அதே ஊர். இந்தத் தடவை ஆலையைச் சுத்தி இருந்த தனியார் தொழிற்சாலைகள். வாழறதுக்குப் போதுமான கூலி, வேலை நிரந்தரம், சங்கம் வைக்கிற உரிமை. இதைக் கேட்டதுக்கு ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. சங்கத்து ஆட்கள் மேல தாக்குதல் நடந்தது. 1991 பிப்ரவரியில பழைய வழக்குகளைத் தூசி தட்டி நியோகியைக் கைது செஞ்சாங்க. ஜாமீன்ல வந்தார்.

29/
1991 செப்டம்பர்ல தொழிலாளிகளைக் கூட்டிக்கிட்டு டெல்லி போனார். குடியரசுத் தலைவருக்கு மனு கொடுத்தாங்க. அப்போ குடியரசுத் தலைவர் யார் தெரியுமா? நம்ம ஆர். வெங்கட்ராமன். தொழிலாளர் சட்ட வழக்கறிஞரா வாழ்க்கையை ஆரம்பிச்சவர், 1949-ல தொழிலாளர் சட்டத்துக்குன்னே ஒரு இதழ் தொடங்கினவர். இந்தக் கோரிக்கைகளோட அர்த்தம் அந்த மாளிகையில இருந்தவருக்குத் தெரியாம இருந்திருக்காது. பிலாய்ல எதுவும் மாறலை.

30/
தன்னைக் கொல்லப் போறாங்கன்னு நியோகிக்குத் தெரியும். ஒரு கேசட்ல தன் குரல்லயே பதிவு செஞ்சு வெச்சிருந்தார். டெல்லியிலேருந்து திரும்பின கொஞ்ச நாள்ல, 1991 செப்டம்பர் 28 விடியற்காலை, பிலாய்ல சங்கத்துக்காக எடுத்திருந்த வீட்டுல தூங்கிக்கிட்டிருந்தார். ஜன்னல் வழியா நாட்டுத் துப்பாக்கியால சுட்டாங்க. வயசு 48. சிவப்பு பச்சைக் கொடி போர்த்தி தல்லி ராஜ்ஹராவுக்குக் கொண்டு போனாங்க. சுரங்கம் நின்னுச்சு, பல்லாயிரம் பேர் கூட நடந்தாங்க.

31/
வழக்கு என்னாச்சு? 1997-ல துர்க் செஷன்ஸ் கோர்ட் ஆறு பேரைக் குற்றவாளின்னு சொன்னது, ரெண்டு தொழிலதிபர்கள் உட்பட. சுட்ட ஆளுக்கு மரண தண்டனை, மத்தவங்களுக்கு ஆயுள். 1998-ல ஹைகோர்ட் எல்லாரையும் விடுதலை செஞ்சது. 2005-ல சுப்ரீம் கோர்ட் சுட்டவருக்கு மட்டும் ஆயுள் தண்டனை கொடுத்து, மத்தவங்க விடுதலையை உறுதி செஞ்சது. சட்டப்படி கதை அங்கே முடியுது.

32/
தொழிலாளிகளுக்கு முடியலை. 1992 ஜூலை 1, பிலாய் பவர் ஹவுஸ் ரயில் நிலையத்துல தண்டவாளத்துல உட்கார்ந்தாங்க, அதே கோரிக்கைகளுக்காக. போலீஸ் சுட்டதுல பதினைஞ்சுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் செத்தாங்க. அந்த 1992 வழக்குல, 24 வருஷம் கழிச்சு, 2016-ல டாக்டர் சைபால் ஜானாவைக் கைது செஞ்சாங்க. அது வரைக்கும் அவர் எங்கே இருந்தார்? ஷஹீத் ஆஸ்பத்திரியில ஓ.பி. பார்த்துக்கிட்டு இருந்தார். 1980-கள்ல வந்தவர் போகவே இல்லை.

33/
15 படுக்கையோட ஆரம்பிச்ச அந்த ஆஸ்பத்திரி பின்னாடி 100 படுக்கையைத் தாண்டிச்சு. நியோகி செத்த பிறகும், அமைப்பு உடைஞ்ச பிறகும், ஆஸ்பத்திரி நின்னுச்சு. சுத்து வட்டாரத்து கிராமங்கள்லேருந்து அங்கே பிரசவத்துக்கு வந்தாங்க. குசும் பாயோட சாவுக்கு அவங்க கேட்ட நியாயம் இப்படித்தான் கிடைச்சது. தீர்ப்பா வரலை, ஒரு லேபர் வார்டா வந்தது.

34/
இதைப் படிச்சிட்டு எல்லாரும் போய் ஆஸ்பத்திரி கட்டுங்கன்னு சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுல நமக்கு அது தேவையும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, 108 இருக்கு, அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. அது எல்லாம் உங்க வரிப்பணத்துல கட்டினது. உங்களோடதுதான். என்ன, உங்களோடதுங்கிற நினைப்பு உங்களுக்கும் இல்லை, உள்ளே இருக்கற எங்களுக்கும் பல நேரம் இல்லை.

35/
டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. குசும் பாய் செத்த ஆஸ்பத்திரியிலயும் நம்மள மாதிரி ஆட்கள்தான் இருந்திருப்பாங்க. களைச்சுப் போனவங்க, ஆள் பத்தாதவங்க. ஆனா வாசல்ல வர்றவங்க சட்டையைப் பார்த்துக் குரல் மாறுதான்னு நம்மள நாமே கேட்டுக்கணும். எனக்கு மாறியிருக்கு. ஒத்துக்கறேன்.

36/
பொதுமக்களுக்கு ஒரு வார்த்தை. உங்க வீட்டுல ஒரு சாவு நடந்தா கோபப்படுங்க. படக் கூடாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா அந்தக் கோபத்தை மறுநாளும் வெச்சிருங்க. ராத்திரியில ரத்தம் ஏன் இல்லைன்னு எழுதிக் கேளுங்க. மயக்க மருந்து டாக்டர் பணியிடம் ஏன் காலின்னு கேளுங்க. கிராம சபையில தீர்மானம் போடுங்க. அரசு ஆஸ்பத்திரியில நோயாளர் நலச் சங்கம்னு ஒண்ணு இருக்கு, அதுல யார் உறுப்பினர், எப்போ கூடினாங்கன்னு விசாரிங்க. கண்ணாடி உடைஞ்சா ஒரு வாரத்துல புதுசு மாட்டிடுவாங்க. காலிப் பணியிடத்தை நிரப்ப நீங்க விடாம கேட்டாத்தான் ஆகும்.

37/
அந்த 23 வயசுப் பொண்ணோட புருஷன் ஒரு மாசம் கழிச்சு இறப்புச் சான்றிதழ் விஷயமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவரோட அம்மா கூட வந்தாங்க. கண்ணாடியை உடைச்ச கூட்டத்துல அவரும் இருந்தாரான்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்லை. குழந்தையை எடை போட்டுப் பார்த்தேன், தடுப்பூசி அட்டையைச் சரி பார்த்தேன். அவர் ஒண்ணுதான் கேட்டார்: "எங்க தங்கச்சிக்கு ஏழாம் மாசம் சார். என்னென்ன பார்க்கணும்னு சொல்லுங்க."

38/
உட்கார வெச்சு அரை மணி நேரம் சொன்னேன். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கணும், எந்த ஆஸ்பத்திரியில ரத்த வங்கி இருக்கு, எந்த அறிகுறிக்கு ராத்திரியானாலும் கிளம்பணும், எதுக்கெல்லாம் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. அவர் ஒரு பழைய நோட்டுல எழுதிக்கிட்டார். ரெண்டு மாசம் கழிச்சு அந்தத் தங்கச்சிக்கு எங்க கிட்டேயே பிரசவம் ஆச்சு. அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்காங்க.

பிடிச்சிருந்தா நாலு பேருக்கு அனுப்புங்க. உங்க ஊர் ஆஸ்பத்திரியில என்ன இல்லைங்கிறதைக் கீழே எழுதுங்க, பேசுவோம்.